பாவம் என்ற சொல்லுக்கு இரண்டு சைகை

"இயேசு நமது பாவங்களுக்காக மரித்தார்" என்று போதகர் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் புதிய சைகை மொழி உரைபெயர்ப்பாளர், பாவம் என்ற இடம் வந்ததும் தலையைச் சரித்து, உதட்டைப் பிதுக்கி, இரக்கப்படும் சைகையைக் காட்டுகிறார். "ஐயோ பாவம்" என்று நாம் சொல்லும் அதே பாவம். முன் வாங்கில் இருக்கும் காது கேளாதவர் தலையாட்டுகிறார். அவருக்கு விளங்கியது இவ்வளவுதான்: எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒருவர் செத்துப்போனார். பிறந்த நாளிலிருந்து ஊர் முழுக்க அவருக்குக் காட்டிவரும் சைகை அது. அதனால் அதில் அவருக்குப் புதுச் செய்தி ஒன்றும் இல்லை.

தமிழ் வேதாகமத்தில் இப்படிக் கால் வழுக்கும் இடங்கள் நிறைய. ரோமர் 10:17 "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்கிறது. அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. அவசரத்தில் அதற்கு வினாவின் சைகையைக் காட்டிவிடுவார்கள். சரி, காதைத் தொட்டுச் சரியாகவே காட்டினார் என்று வைத்துக்கொள்வோம். காது கேளாதவரின் முகத்துக்கு நேரே நின்று, விசுவாசம் காது வழியாகத்தான் வரும் என்று சொன்னதாக ஆகிவிடும். அந்த வசனத்தில் செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் வந்து சேர்வதுதான் பொருள். ஒரு கை கொண்டுவர, மறு கை பெற்றுக்கொள்ள, அப்படித்தான் காட்ட வேண்டும். ஆவியும் அதே கதை. இடியப்பம் அவியும்போது எழும்புவதும் ஆவி, சுடலையில் உலாவுவதாகச் சொல்வதும் ஆவி. பரிசுத்த ஆவிக்குப் பேயின் சைகையைக் காட்டிவிட்டால் அடுத்த கிழமை அந்தக் குடும்பம் வராது.

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் சைகை மொழியில் ஊழியம் தொடங்க நினைக்கும் சபைகளையும் கத்தோலிக்கப் பங்குகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலம் தொட்டு இங்கே பிரசங்கத்துக்குக் குறைவு இருந்ததில்லை. ஆனால் அவ்வளவும் காதுக்கானது. காது கேளாத பிள்ளைகளுக்கென்று இந்த நாட்டில் 1912இல் பாடசாலை தொடங்கியவரும் ஒரு மிஷனரிப் பெண்மணிதான், மேரி சாப்மன். அது கொழும்புப் பக்கத்தில். பிறகு யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது, அதுவும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கை பட்டது. பாடசாலை கட்டிய அளவுக்கு, கண்ணால் பார்க்கிற ஒரு வழிபாட்டை யாரும் கட்டவில்லை.

முதலில் மொழி. இலங்கைச் சைகை மொழி தமிழின் கை வடிவமும் இல்லை, சிங்களத்தின் கை வடிவமும் இல்லை. அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. ஆளையும் இடத்தையும் முதலில் தன் முன்னே உள்ள வெற்றுவெளியில் நிறுத்திவிட்டு, பிறகு நடப்பதைச் சொல்லும். புருவமும் வாயும் தோளும் அந்த இலக்கணத்தின் உறுப்புகள். முகத்தை அசைக்காமல் கையை மட்டும் ஆட்டுகிறவர் எழுவாய் பயனிலை இல்லாமல் பேசுகிறவர் மாதிரி. அதோடு, பாடசாலைக்குப் பாடசாலை சைகை மாறும். மட்டக்களப்பில் படித்தவர், கைதடியில் படித்தவர், இரத்மலானையில் சிங்கள மொழிமூலம் படித்தவர் மூவரையும் ஒரு மேசையில் இருத்தினால், கிழமை நாட்களுக்கே வேறு வேறு சைகை வரும். கொஞ்ச நேரத்தில் தங்களுக்குள் சரிசெய்து பேசத் தொடங்கிவிடுவார்கள். நமக்குத்தான் திண்டாட்டம்.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வீடியோவை இறக்கி அப்படியே போட்டுக்காட்டுவது மிகப் பரவலான தவறு. அமெரிக்கச் சைகை மொழியில் முழு வேதாகமமும் காணொளியாக முடிந்தது 2020இல். அதற்கு முன் உலகின் எந்தச் சைகை மொழியிலும் முழு வேதாகமம் இருந்ததில்லை. பெரிய வேலைதான், ஆனால் வாழைச்சேனையில் இருக்கும் ஒருவருக்கு அது பிரெஞ்சுப் பிரசங்கம் போலத்தான். தமிழ்நாட்டு வீடியோ என்றால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அங்கே அடியில் ஓடும் எழுத்து நமது எழுத்து, கை வேறு மொழி பேசுகிறது.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பைபிளைக் கொடுத்துவிட்டோம், வாசிப்பார்கள்" என்பது நல்ல மனதோடு செய்யும் பிழை. காதால் ஒருநாளும் கேட்காத மொழியை எழுத்தில் மட்டும் கற்பது எவ்வளவு கஷ்டம் என்று, சீன எழுத்தைச் சீனம் கேட்காமல் படிக்க முயன்றால் தெரியும். க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவர்கூட "அவர் அவனைத் தம்மிடத்தில் அழைப்பித்து" என்ற வசனத்தில் யார் யாரை அழைத்தார் என்று திணறுவார். வாயசைவை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. பணம், மணம்; பாடு, மாடு; படி, மடி. கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. க, ட, ண எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிகின்றன. இதில் போதகருக்கு மேலுதட்டை மூடும் மீசையும் இருந்துவிட்டால் முடிந்தது.

தொடங்குகிற ஒழுங்கு இதுதான்: ஒரு காது கேளாதவர் முன்னுக்கு நிற்க வேண்டும். கேட்கும் ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து மூன்று மாதச் சைகை வகுப்பு முடித்துவிட்டு "ஊழியம்" என்று இறங்கினால், அது அந்த நான்கு பேரின் ஊழியமாகவே முடியும். ஏற்கெனவே விசுவாசத்தில் இருக்கும் ஒரு காது கேளாதவர் கிடைத்தால் அவரைத் தலைவராக வையுங்கள். கிடைக்காவிட்டால் கூட்டம் தொடங்காதீர்கள், ஒரு வருடம் வீடுகளுக்குப் போய் வாருங்கள். நகரத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒருவரைத் தெரிந்தால் பத்துப் பேரைத் தெரியும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமும் அம்பாறையின் உட்கிராமங்களிலும்தான் பாடசாலையையே பார்க்காத, இன்னொரு காது கேளாதவரைச் சந்தித்தே இராத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது வீட்டுச் சைகை மட்டும். சோறு, தண்ணி, வயல், மாடு, அம்மா, கோபம் என்று ஐம்பது, அறுபது அசைவு. அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும் விளங்கும். நேற்று, நாளை கூடத் தெளிவாக இராது. அப்படிப்பட்டவரிடம் படைப்பின் கதையோடு போய் உட்காருவது வீண். முதலில் அவருடைய அசைவுகளை நீங்கள் கற்க வேண்டும். தாயிடம் கேளுங்கள், "இதுக்கு இவர் என்ன காட்டுவார்?" என்று. ஒரு கொப்பியில் படமாக வரைந்து வையுங்கள். பிறகு இன்னொரு காது கேளாதவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேச்சு உங்களால் வளராது, அவரால்தான் வளரும்.

கூடும் இடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான கூட்டம் கெடுவது அங்கேதான். நமது ஊர் மண்டபங்களில் டியூப் லைட்டுக்குக் கீழே சீலிங் ஃபேன் தொங்கும். அது சுழலும்போது இறக்கையின் நிழல் உரைபெயர்ப்பாளரின் முகத்திலும் கையிலும் நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டி விழும். கேட்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணை நம்பி இருப்பவருக்கோ, ஒலிபெருக்கி கரகரவென்று இழுக்கும்போது பிரசங்கம் கேட்பது போன்ற வேதனை; பதினைந்து நிமிடத்தில் தலையிடி வந்துவிடும். அந்த ஒரு ஃபேனை நிறுத்துங்கள், அல்லது உரைபெயர்ப்பாளரை லைட்டுக்கும் ஃபேனுக்கும் நேர்கீழாக இல்லாமல் இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். வெக்கையாக இருந்தால் பக்கத்தில் நிலத்து ஃபேன் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் கறுத்துப்போகும். பீடத்துப் பூச்சாடி, மின்னும் சீரியல் பல்ப், பூப்போட்ட திரை எல்லாவற்றையும் பின்புறத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உடுப்பு ஒரே நிறத்தில், நமது தோலின் நிறத்தோடு கலந்துபோகாததாக இருக்க வேண்டும். மண்ணிறமும் மெரூனும் கையை விழுங்கிவிடும். வளையலும் பெரிய மோதிரமும் கண்ணைக் கூசவைக்கும்.

கதிரைகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள். ஒருவர் கேள்வி கேட்டால் மற்ற எல்லோரும் அவருடைய கையைப் பார்க்க வேண்டுமே. ஒரு வட்டத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு மறைக்கும். வெளிநாட்டுக் கையேடுகளில் "தரையைத் தட்டிக் கூப்பிடுங்கள்" என்று இருக்கும். பலகைத் தரைக்கு அது சரி. நமது சீமெந்துத் தரையும் டைல்சும் அதிர்வைக் கடத்தா, கால்தான் நோகும். லைட் சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவதுதான் இங்கே வழி. கரண்ட் போகும் நாளுக்கு, சார்ஜ் பண்ணிய எமர்ஜென்சி லைட் ஒன்று உரைபெயர்ப்பாளரின் முகத்துக்கு முன்னால் தயாராக இருக்கட்டும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவுத் திருவிழிப்பில் கோவில் முழுவதும் இருட்டாக இருக்கும்போதும் இதே லைட் தேவைப்படும். அழகு கெடுகிறது என்று யாராவது முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஜெபிக்கும்போது "கண்களை மூடுவோம்" என்று சொல்லாதீர்கள். கண்ணை மூடினால் அவருக்கு ஜெபம் முடிந்துவிட்டது. "கைகளைக் கோத்துக்கொள்வோம்" என்றாலும் அப்படித்தான், கை கட்டுப்பட்டால் ஆமென் சொல்ல முடியாது. திருவிருந்தில் அப்பமும் கிண்ணமும் கையில் இருக்கும்போது போதகர் பேசிக்கொண்டே போவார். பார்ப்பவருக்கு அப்பத்தைப் பார்ப்பதா, உரைபெயர்ப்பாளரைப் பார்ப்பதா என்று தெரியாது. சொல், நிறுத்து, காட்டு, கொடு. ஒன்றுக்குப் பின் ஒன்று.

உரைபெயர்ப்பாளர் போதகருக்குப் பக்கத்தில், ஒரே பார்வையில் இருவரும் விழும் இடத்தில் நிற்க வேண்டும். கோவிலின் மூலையில், தூணுக்குப் பின்னால் ஒரு வாங்கில் இருவருக்காகக் கிசுகிசுத்துக் காட்டும் ஏற்பாடு வேண்டாம். பிரசங்கக் குறிப்பும் வசனங்களும் வியாழக்கிழமைக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரால் தொடர்ந்து செய்ய முடியாது. மூளை களைத்ததும் முதலில் முகம் செத்துப்போகும், பிறகு வசனங்கள் விடுபடும். இரண்டு பேர் இருந்தால் இருபது நிமிடத்துக்கொரு தடவை மாறுங்கள். ஒருவர்தான் என்றால் பிரசங்கத்தைச் சுருக்குங்கள், சபையே ஆசீர்வதிக்கும். பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள். ஊழியம்தானே என்று ஒரே ஆளை ஒவ்வொரு ஞாயிறும் கல்முனையிலிருந்து கூப்பிட்டால் ஆறு மாதத்தில் அவர் வராமல் விடுவார்.

ஆனால் உரைபெயர்ப்பு ஒரு ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான் என்பது எங்கள் எண்ணம். கேட்கிறவர்களுக்காகச் செய்த பிரசங்கத்தைச் சில நொடி பிந்திப் பார்க்கிறார்கள். மாதத்தில் ஒருமுறையாவது சைகையிலேயே தொடங்கிச் சைகையிலேயே முடியும் கூடுகை வேண்டும். போயா தினம் அதற்கு வசதி, எல்லோருக்கும் லீவு. பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியுங்கள். இருட்டினால் போகும் வழியில் பேச முடியாது, படுவான்கரைக்குப் பஸ்சும் கிடையாது.

அந்தக் கூடுகைக்குக் கதை தயாரிப்பது எப்படி? மாற்கு 7:31 முதல் 37 வரை எடுத்துக்கொள்வோம், காது கேளாதவனை இயேசு சுகமாக்கிய பகுதி. முதலில் ஒரு தாளில் இடத்தை வரையுங்கள்: வலப்பக்கம் கூட்டம், இடப்பக்கம் வெறுமை. சைகை செய்பவர் வலப்பக்கத்தில் கூட்டத்தை நிறுத்துகிறார். அந்த மனிதனைச் சிலர் கொண்டுவருகிறார்கள். இயேசு அவனை இடப்பக்கம் தனியே கூட்டிப்போகிறார். அதற்குப் பிறகு கூட்டத்தைக் குறிக்க வலப்பக்கம் விரல் நீட்டினால் போதும். இங்கேதான் அநேகர் பிழை விடுவது: நடுவில் மறந்துபோய் கூட்டத்தை இடப்பக்கம் காட்டிவிடுவார்கள், பார்க்கிறவர் இயேசு அவனைத் திரும்பவும் கூட்டத்துக்குள் தள்ளினார் என்று எடுத்துக்கொள்வார். அடுத்தது ஆள் மாறுதல். தோளை ஒரு பக்கம் திருப்பினால் அந்த மனிதன். தன் காதுக்குள் விரல் வருவதை ஆச்சரியமாகப் பார்க்கிறான். தோளை மறுபக்கம் திருப்பினால் இயேசு. வானத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். பெருமூச்சை நெஞ்சு ஏறி இறங்குவதில் காட்ட வேண்டும், அதற்குத் தனிச் சைகை தேடி அலைய வேண்டாம். ‘எப்பத்தா’வை எழுத்து எழுத்தாகக் காட்டுவதில் பயனில்லை, அதன் பொருள் ‘திறக்கப்படுவாயாக’, திறப்பதையே காட்டுங்கள். முடிவில் "கெட்டது நல்லதாகிவிட்டது" என்று காட்டிவிடாதீர்கள். காது கேளாமை கெட்டது என்று அந்தக் கை சொல்லிவிடும், எதிரே இருப்பவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பகுதியில் அவர்கள் கண் முதலில் போவது வேறு இடத்துக்கு: இயேசு அவனைக் கூட்டத்தின் நடுவில் காட்சிப்பொருளாக்கவில்லை, தனியே கூட்டிப்போய்க் கையால் பேசினார். இருந்தாலும் இதை முதல் கதையாக எடுக்காதீர்கள். காணாமற்போன மகனின் கதையிலிருந்து தொடங்குங்கள், இது ஒரு வருடம் கழித்து வரட்டும்.

கதை தயாரானதும், அதைப் பார்த்திராத ஒரு காது கேளாதவருக்குச் செய்துகாட்டி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் தலையாட்டுவார்கள், ஆயுசு முழுக்க அப்படித் தலையாட்டித்தான் பழக்கம். திருப்பிச் சொல்லும்போது எது விடுபட்டது, எது புதிதாக நுழைந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று பேரிடம்: பாடசாலையில் படித்த இளையவர் ஒருவர், வயதானவர் ஒருவர், சைகை குறைவாகத் தெரிந்த ஒருவர். மூன்றாமவருக்கு விளங்கும்வரை திருத்துங்கள்.

வேதாகமத் தமிழில் செயப்பாட்டு வினை நிறைய. "குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு" என்று மத்தேயு 7:1. தீர்ப்பது யார்? தமிழில் சொல்லாமல் விடலாம், சைகையில் விட முடியாது. கை ஒரு திசையிலிருந்துதான் வர வேண்டும். மேலிருந்து வந்தால் தேவன், பக்கத்திலிருந்து வந்தால் ஊரார். தயாரிக்கிறவர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து முடிவெடுக்காவிட்டால், மேடையில் அவரவர் வசதிக்கு ஒரு வேதாகமம் உருவாகும். மறுபுறம், சில இடங்கள் தமிழைவிடச் சைகையில் துலங்கும். விதைக்கிறவனின் உவமையை அம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் செய்துகாட்டினால், கடகத்தை இடுப்பில் அணைத்து முளைநெல் எறிகிற அந்த வீச்சு அப்படியே வரும். பாதையோரத்தை வரம்பாகக் காட்டினாலும் கதை கெடாது. முள்ளை மட்டும் களைப்புல்லாக மாற்றவிடாதீர்கள். நெருக்கிக் கொல்கிற முள் அது.

இயேசுவுக்குப் பல நாடுகளில் வழங்கும் சைகை, நடுவிரல் நுனியால் மற்றக் கையின் உள்ளங்கையைத் தொடுவது, இரு கையிலும் மாறி மாறி. ஆணி அடித்த தழும்பு. சிலுவைக் கதையே தெரியாத சைவக் குடும்பத்துப் பெரியவருக்கு அது வெறும் கையைச் சொறிகிற அசைவு. கதை முதலில், பெயர் பிறகு. நோவா, சகேயு, பேதுரு எல்லோருக்கும் பெயர்ச் சைகையைக் காது கேளாதவர்களே வைக்கட்டும். "இயேசுகிறிஸ்து"வை ஒவ்வொரு தடவையும் விரலெழுத்தில், அதாவது விரலால் எழுத்தெழுத்தாக, எழுதிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்.

பாட்டைப் பற்றி ஒரு வரி: கீர்த்தனையைச் சொல்லுக்குச் சொல் கையில் போடுவது கேட்கிறவர்கள் பார்த்து ரசிப்பதற்கு மட்டும்தான் உதவும்.

ஞானஸ்நானம் தண்ணீருக்குள் என்றால், கல்லடிக் கடலோ வாவியோ குளமோ, இதை யோசித்து வையுங்கள். போதகரின் ஒரு கை முதுகில், ஒரு கை நெஞ்சில். முங்குகிறவரின் கை மார்பில் மடிந்திருக்கும். இருவருக்கும் பேசக் கை இல்லை. ஆகவே கேள்வி பதில் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் கை விடுபட்ட நிலையில் முடிய வேண்டும். உரைபெயர்ப்பாளர் கரையில் நிற்காமல், இவர்களுக்கு எதிரே, சூரியனைப் பார்த்தபடி தண்ணீரில் நிற்க வேண்டும். சூரியன் அவர் முதுகில் இருந்தால் முகம் தெரியாது. முங்குவதற்கு முன் தோளில் இரண்டு தட்டு என்று முன்னரே பேசிவையுங்கள். கேட்கிறவருக்கு "பிதா, குமாரன்" என்று குரல் வரும்போது அடுத்து என்ன என்று தெரியும்; இவருக்கு அந்தத் தட்டுத்தான் குரல். எழும்பியதும் முகத்தைத் துடைக்கத் துவாய் நீட்டுங்கள், கண்ணில் உப்புத்தண்ணீர் இருக்கும்வரை யாரும் அவரிடம் எதுவும் சொல்ல முடியாது. காதுக் கருவி இறங்குவதற்கு முன்னரே கழன்று ஒரு டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும், அந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நமது கடற்காற்றே அந்தக் கருவிகளுக்குப் போதும்.

கத்தோலிக்கப் பங்குகளில், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம்தான் சிக்கல். தாயையோ அக்காவையோ உரைபெயர்க்க வைக்கிறார்கள். தாய்க்கு முன்னால் யார் உள்ளதைச் சொல்வார்? உரைபெயர்ப்பாளர் மூலம் பாவசங்கீர்த்தனம் செய்யத் திருச்சபைச் சட்டம் 990 இடம் கொடுக்கிறது. இரகசியம் காக்கும் கடமை அந்த உரைபெயர்ப்பாளருக்கும் உண்டு என்கிறது 983. அந்தக் கடமையை அவருக்கு வாயால் சொல்லி, அவர் ஏற்ற பிறகே உட்காரவையுங்கள். ஃபாதரே நூறு சைகை கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. திருமணச் சம்மதத்தைப் பேச முடியாதவர் அதற்கு நிகரான அடையாளத்தால் தெரிவிக்கலாம் என்று 1104 சொல்கிறது. "ஓம்" என்று எழுதித் தா என்று மணமேடையில் பேனையை நீட்டுவதற்கு ஒரு அவசியமும் இல்லை.

சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காது கேளாத பிள்ளையை மேடையில் ஏற்றி, பின்னால் நின்று கை தட்டுவார்கள். பிள்ளை திரும்பும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் மேடைப் பலகையே அதிர்கிறது. முற்றாகக் கேளாதவரும் நெஞ்சால் அதை உணர்வார். கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த ஒலி எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் தாய் காதுக் கருவியைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பார், கிளினிக்கை நிறுத்துவார், சைகை வகுப்புக்கு அனுப்பமாட்டார். மொழி ஊன்றுகிற முதல் ஐந்து வருடத்தில் ஒரு வருடம் அப்படிப் போனால் திரும்பி வராது. ஜெபியுங்கள், யாரும் தடுக்கவில்லை. கருவியைக் கழற்றச் சொல்லாதீர்கள், மேடையில் ஏற்றாதீர்கள்.

அதைவிட நுணுக்கமானது மதம் மாற்றும் கேள்வி. இங்கே காது கேளாதோரின் நட்பு வட்டத்துக்குள் சைவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். காத்தான்குடியில் இருப்பவரும் திருக்கோவிலில் இருப்பவரும் ஒரே கூட்டாளிகள், ஏனென்றால் தங்கள் மொழி பேசுகிறவர்கள் அவ்வளவு பேர்தான். காதுக் கருவியோ, அரிசியோ, தையல் மெஷினோ கொடுத்து ஆள் சேர்த்தால், அந்தச் சிறிய வட்டத்தைத்தான் முதலில் உடைக்கிறீர்கள். உதவி வேறு, ஆராதனை வேறு. இடமும் நாளும் ஆட்களும்கூட வேறாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கு எங்கே, எதற்கு என்று விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கேட்கும் பெற்றோருக்கும் காது கேளாத பிள்ளைக்கும் இடையில் மொழியே இல்லாத வீடுகளில், பிள்ளைக்கு என்ன நடந்தாலும் சொல்ல வழியில்லை. ஒரு பெரியவர் தனியே ஒரு பிள்ளையோடு அறைக்குள் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்திருக்க வேண்டும். உடல் உறுப்புகளுக்கும் "வேண்டாம்" என்பதற்கும் சைகை கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் ஞாயிறு பாடசாலை.

கூடுகைக்கு வர முடியாதவர்களுக்கு வீடியோ. சாதாரண போன் போதும், ஆனால் கையில் பிடிக்காமல் முக்காலியில் நிறுத்துங்கள், நெஞ்சு உயரத்தில், இரண்டு மீற்றர் தள்ளி, போனைப் படுக்கையாக வைத்து. தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி, கீழே இடுப்பு வரை, இரு பக்கமும் முழங்கை விரிய இடம். விரல் சட்டத்துக்கு வெளியே போனால் அது விழுங்கிய சொல். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; அதனால் டியூப் லைட்டில் எடுக்கும்போது நொடிக்கு 25 அல்லது 50 பிரேமும், ஷட்டர் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றும் வையுங்கள். 30இல் விட்டால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடக்கூடும். கை வேகமாக ஓடுகிறவர் என்றால் 50 பிரேமும் 100இல் ஒன்றும்தான் நல்லது, இல்லாவிட்டால் விரல் புகைமாதிரி மங்கும். ஒரு வீடியோ மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 720 அளவில், நொடிக்கு 2 மெகாபிட் வீதம் சுருக்கினால் நிமிடத்துக்கு 15 எம்பி வரும், டேட்டா தாங்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு தடவை நசுக்கும், ஆவணமாக அனுப்புங்கள். பெரிய பிரசங்க வீடியோவின் மூலையில் ஒரு ரூபாக் குற்றி அளவில் உரைபெயர்ப்பாளரைப் போடுகிறார்கள். குறைந்தது திரையில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள், இல்லையென்றால் அந்தக் குற்றியையும் எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, வாசலைப் பற்றி. 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எல்லாக் கோவில் வாசலிலும் சோதனை வந்தது. பையோடு வருகிறவரைப் பின்னால் நின்று "நில்லுங்க" என்று கத்தினால் காது கேளாதவர் நடந்துகொண்டே போவார், பதறிப்போய் யாராவது இழுப்பார்கள். வாசலில் நிற்கும் தம்பிமாருக்குச் சொல்லிவையுங்கள்: முன்னால் வந்து கையைக் காட்டு, பையைச் சுட்டு, சிரி. நில், பை, நன்றி என்று மூன்று சைகை ஐந்து நிமிடத்தில் பழகலாம். அதே தம்பிமாருக்கு இதையும் சொல்லுங்கள். கூடுகை முடிந்ததும் காது கேளாதவர்கள் உடனே போகமாட்டார்கள். ஒரு மாதம் பேசாத பேச்சு இருக்கும், வாசலிலேயே அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். மழைக்காலத்தில் ஐந்து மணிக்கே மப்புப் போட்டு இருண்டுவிடும். கோவில் பூட்டியாயிற்று என்று யாராவது பழக்கதோஷத்தில் வாசல் லைட்டை அணைத்தால், இருபது பேரின் வாயையும் ஒரே சுவிட்சில் பொத்தியதாகிவிடும். கடைசி ஆள் சைக்கிளில் ஏறும்வரை அது எரியட்டும்.